பாலைவனத்தில் ஒரு பம்ப்செட்

பம்பாயிலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் காபியைத் தொடவில்லை. எங்கள் சித்திரக்கதைப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்தார். ஒரு படத்தின் மேல் விரலை ஊன்றி, "இது என்ன?" என்று கேட்டார்.

முதலாளியும் நானும் எட்டிப் பார்த்தோம், ஏதோ அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்களைப் போல.

பாலைவனம். தூரத்தில் ஒட்டகங்கள். வாடிப்போன ஒரு பேரீச்சை மரத்தடியில் தாடி வைத்த கிழவர் ஒருவர் நிற்கிறார். எதிரே தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பையன். இரண்டு பேருக்கும் நடுவில், சிமென்ட் திட்டின் மேல், கோயமுத்தூரில் செய்த மூன்று ஹெச்.பி. பம்ப்செட் ஒன்று பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

"பம்புங்க மேடம்" என்றார் முதலாளி, ரொம்பப் பணிவாக.

"பம்புன்னு எனக்கும் தெரியுது. இது எப்படி இங்க வந்துச்சு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பம்பைப் பார்த்தேன்.

அது எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். டுடோரியல் காலேஜில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த லட்சணத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். "உங்களை நீங்களே இப்படித் திட்டிக்கொள்ளலாமா?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி வருத்தப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டு வருத்தப்படுங்கள்.

சும்மா நிற்கக் கூடாத மெஷின்

தொண்ணூறுகளின் முன்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைத் துல்லியமாகச் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்கு வீடு கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

முதலாளியின் பேர் கெங்குசாமி. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பம்ப் வாங்க வருபவர்களிடம் இரண்டையும் விட இனிப்பான ஒரு சிரிப்பு. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பம்புக்கு இரும்பு வார்க்கும் அவருடைய ஃபவுண்டரி இருந்தது. அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே சுட்ட மண்ணின் வாசனை மூக்கில் ஏறும். சட்டைக் காலரில் கறுப்புத்தூள் படிந்துவிடும்.

பம்ப் விலைப்பட்டியலும் நோட்டீஸும் அடிப்பதற்கென்று ஓர் ஆஃப்செட் மெஷினை வாங்கிப் போட்டிருந்தார். ஒரு பம்ப் கம்பெனிக்கு எத்தனை நோட்டீஸ் வேண்டியிருக்கும்? மாதத்தில் இருபத்தைந்து நாள் மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

எங்கள் ஊர்க்காரர்கள் மகன் சும்மா திரிவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மெஷின் சும்மா நின்றால் அவர்களுக்குச் சோறு இறங்காது. தெற்கே சித்திரக்கதைப் புத்தகங்கள் நன்றாக ஓடுகின்றன என்று மை விற்க வந்த ஒருவர் கெங்குசாமியின் காதில் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்கு எழுதிப்போட்டு, முறைப்படி அனுமதியும் வாங்கிவிட்டார். கொங்கு நாட்டில் இலக்கியப் பணி இப்படித்தான் நடக்கும். கதைமேல் ஆசை எல்லாம் கிடையாது, மெஷின்மேல் இரக்கம்.

இதழுக்கு அவர் தம் பம்பின் பேரையே வைத்தார். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேரன்கள் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் இல்லாத பையன்

டுடோரியலில் காலை வகுப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்த நான் மொழிபெயர்ப்பாளனானேன். படப் பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் வரும். பேச்சுக் குமிழ்கள் காலியாக இருக்கும். கூடவே ஆங்கிலத்தில் வசனம் தட்டச்சு செய்த தாள்கள். அதைத் தமிழாக்கி, குமிழுக்குள் அடங்குகிற மாதிரி வெட்டித் தர வேண்டும்.

கதாநாயகனுக்கு வயது பதினாறு. மூலத்தில் இருந்த பேர் வாயில் நுழையாது. டோமி என்று வைத்தேன்.

"அது நாய்ப் பேருங்களே வாத்தியாரே" என்றார் முதலாளி.

எட்வின் என்று மாற்றினேன். "நம்ம லேத்துல ஒரு எட்வின் இருக்காருங்க. நல்ல மனுசன். வெச்சுப்போடுங்க" என்று உத்தரவானது.

இந்த எட்வினைப் போல ஒரு வெட்டிப் பயலை நான் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போவான். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, வரிசையில் நின்றது கிடையாது. முதல் பக்கத்தில் துறைமுகத்தில் நிற்பான். மூன்றாம் பக்கத்தில் வேறொரு கண்டத்தில் யாரையாவது முகத்தில் குத்திக்கொண்டிருப்பான். போன இடத்து பாஷை இரண்டு கட்டத்துக்குள் அவனுக்கு வந்துவிடும். நான் டுடோரியலில் வருஷக்கணக்காக ஆங்கிலம் நடத்தியும் என் மாணவர்கள் "ஐ யாம் கோயிங்" தாண்டிப் போகவில்லை.

போகிற ஊரில் எல்லாம் அறிவுள்ள ஆட்களே இருக்க மாட்டார்கள். ஆயிரம் வருஷமாக ஒரு சிக்கலை வைத்துக்கொண்டு எட்வின் வருவான் வருவான் என்று காத்திருப்பார்கள். அவன் வந்து ஒரு கல்லை நகர்த்துவான். கதவு திறக்கும். எல்லோரும் கை தட்டி வழியனுப்புவார்கள். ஒருத்தராவது "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்க வேண்டுமே! நாற்பத்துநான்கு பக்கம் அந்தப் பையன் ஒருவாய்ச் சோறு தின்று நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் வழி கேட்க வந்தவனைக்கூட ஒரு சொம்பு மோராவது குடிக்க வைக்காமல் விட மாட்டார்கள்.

நான் அப்போது பார்த்திருந்த வெளிநாடு வாளையாறு. ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது செக்போஸ்ட்டில் முக்கால் மணி நேரம் நின்றது. அதுவே எனக்குப் பெரிய சாகசம்.

இவ்வளவு எரிச்சல் இருந்தும், அவனை நன்றாகப் பேச வைத்தேன். இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அவன் பாதிரியார் பிரசங்கம் செய்வது போலப் பேசுவான். தமிழில் அவனுக்குக் குறும்பு வந்தது, பயம் வந்தது, கோபம் வந்தால் நாக்கு குழறியது. ஒரு குமிழுக்கு நாலு தடவை எழுதி அடித்திருக்கிறேன். பத்துப் புத்தகம் அப்படிச் செய்தேன்.

பேர் எதுக்குங்க

பத்துப் புத்தகத்திலும் என் பேர் இல்லை.

முதல் புத்தகத்தின்போதே கேட்டேன். உள்பக்கத்தில், ஒரு ஓரத்தில், பொடி எழுத்தில், "தமிழில்: பொ. சென்னியப்பன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டேன்.

"பார்க்கலாமுங்க" என்றார் முதலாளி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கொங்கு நாட்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு. "பார்க்கலாமுங்க" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும். நான் இதே மண்ணில் பிறந்தவன், இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்டேன்.

ஐந்தாவது தடவை கொஞ்சம் விளக்கமாகவே பதில் வந்தது. "வாத்தியாரே, நானும் பம்பு செய்யறேன். மோல்டு போடறவரு பேரு பம்புல இருக்குதுங்களா? தண்ணி வருதா, அதைத்தானுங்க பாக்கறாங்க. பேரு எதுக்குங்க?"

எதற்கா? என் மைத்துனன் சூலூரில் ஆறு பவர்லூம் வைத்திருந்தான். "மாமா இப்ப பொம்மை புக்குக்கு வேலை செய்யறாருங்க" என்று என்னைப் பலர் முன்னால் அறிமுகம் செய்வான். பொம்மைகள் தாமாகவே தமிழ் பேசுகின்றன என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். என் மனைவி அமிர்தம் அந்த மாதிரி நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையை மடிப்பாள். வீட்டுக்கு வந்ததும், "ஏனுங்க, ஒரே ஒரு புக்குலயாச்சும் உங்க பேரப் போடச் சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான். வேறு எதுவும் என்னிடம் கேட்காதவள்.

எனக்கும் அது வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்காக நான் ஏங்கிப்போயிருந்தேன்.

முப்பது பக்கம் எதுக்கு அலையோணும்?

பதினோராவது கதை பாலைவனத்துக்கு வந்தது. ஒரு கிராமத்தில் கிணறு வற்றிவிடுகிறது. பழைய ஊற்று ஒன்று எங்கோ மலைக்குள் மறைந்திருப்பதாகக் கிழவர் ஒருவர் சொல்கிறார். எட்வின் வழக்கம் போல, யாரும் கேட்காமலே, அதைத் தேடிப் புறப்படுகிறான்.

அதுவரை முதலாளி எந்தக் கதையையும் படித்ததில்லை. இதை எப்படியோ எடுத்துப் பார்த்துவிட்டார். தண்ணீர் என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். மறுநாள் நான் போனபோது பக்கங்களை மேசையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இந்தக் கெணறு எத்தன அடி இருக்குமுங்க?"

"கதைல போடலைங்க."

"படத்தப் பாத்தா எம்பது அடிக்கு மேல இருக்காது. பக்கத்துல பாருங்க, மரம் இன்னும் முழுசாக் காயல. அப்ப அடியில தண்ணி இருக்குது. ஒரு மூணு ஹெச்.பி. மோட்டாரப் போட்டு எடுத்துப்போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இந்தப் பையன் முப்பது பக்கம் எதுக்குங்க வெயில்ல அலையோணும்?"

இது கதை என்றேன். கதைக்குச் சிக்கல் வேண்டும் என்றேன்.

"அதுக்காகத் தண்ணி இருக்கற எடத்துல தண்ணி இல்லைன்னு எழுதலாமுங்களா? நம்ம புக்க விவசாயி வீட்டுல படிக்கறாங்க. கோபில இருந்து லெட்டர் வருது, அன்னூருல இருந்து வருது. பம்பு கம்பெனிக்காரன் புக்குல இப்படிப் போட்டா என்னையக் காறித் துப்ப மாட்டாங்களா?"

அவர் விளம்பரத்துக்காகப் பேசுகிறார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே மனசு தாங்கவில்லை. ஒரு டாக்டரிடம் கதையில் ஒருவன் காய்ச்சலில் கிடப்பதைக் காட்டினால் அவர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரி ஆள் இவர்.

அன்று மத்தியானமே ஜமால் பாய் வரவழைக்கப்பட்டார். உக்கடம் பக்கத்துக்காரர். பல்லடத்திலிருந்து சத்தியமங்கலம் வரை எந்த ஊர்ச் சுவரிலாவது பம்ப் படத்தைப் பார்த்திருந்தீர்களானால் அது பெரும்பாலும் அவர் கைவேலை. கண்ணை மூடிக்கொண்டு பம்ப் வரைவார். கண்ணைத் திறந்துகொண்டே வேறு எதையும் வரைய மாட்டார்.

"எங்க வைக்கட்டும் முதலாளி?"

"கெழவருக்குப் பக்கத்துலீங்க பாய். சிமென்ட் திட்டு போட்டு, டெலிவரி பைப்பு தெரியற மாதிரி."

மூலத்தை வரைந்த மகானுபாவர் எல்லாவற்றையும் மெல்லிய கோட்டில் வரைந்திருந்தார். ஜமால் பாயின் பம்ப் மட்டும் நிழலும் வெளிச்சமுமாக, போட்டோ எடுத்து ஒட்டியது போல வந்தது. போல்ட்டுகளை எண்ணிவிடலாம். கடைசிப் பக்கத்துக்கும் ஒன்று வரையச் சொன்னார்கள். அதில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது.

கரண்ட் இல்லீங்க

என் பிரச்சினை இனிமேல்தான் ஆரம்பித்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் பம்ப் இருந்தால், பதின்மூன்றாம் பக்கத்தில் எட்வின் எதற்காக ஊற்றைத் தேடிப் போகிறான்? நான் முதலாளியிடம் இதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்து, என்னால் இதை எழுத முடியாது என்றும் சொன்னேன். கொங்கு நாட்டில் பிறந்தவன் ஒருவன் நேரடியாக முடியாது என்று சொன்ன அரிய சந்தர்ப்பம் அது. பத்து நிமிஷம் நீடித்தது.

முதலாளி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"வாத்தியாரே, நீங்க ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருந்தீங்களே, அந்தப் பேரு. இந்தப் புக்குல போட்டுறலாமுங்க. பொடி எழுத்துலகூட வேண்டாம், நல்லாப் பெருசாவே போட்டுறலாம். நீங்க கதையக் கொஞ்சம் பம்போட ஒத்துப் போற மாதிரி பண்ணிக் குடுத்தாச் சரி."

நான் யோசித்தேன் என்று எழுதத்தான் ஆசை. யோசிக்கவில்லை. பேனாவைத் திறந்தேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? மூலத்தில் அந்தக் கிழவர், "தம்பி, எங்கள் கிணறு செத்துவிட்டது" என்கிறார். நல்ல வசனம். அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "தம்பி, பம்ப் இருக்கிறது. கரண்ட்தான் மூன்று வாரமாக இல்லை!" எட்வின் அதற்கு, "அடடா! வோல்டேஜ் குறைவா?" என்று கேட்கிறான். ஆயிரம் மைலுக்கு ஒரு கம்பம் கிடையாத பாலைவனத்தில்.

முதலாளி படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "இது நெசமுங்க. எங்க கம்ப்ளெயிண்ட் வந்தாலும் போய்ப் பாத்தாக் கரண்டுதானுங்க கோளாறு. பம்பு மேல ஒரு குத்தமும் இருக்காது."

கடைசிப் பக்கத்தில் எட்வின் ஊற்றைக் கண்டுபிடிக்கிற அதே நேரத்தில் கரண்டும் வந்துவிடுகிறது. கிராமமே ஆடுகிறது. ஊற்றைப் பார்த்து ஆடுகிறார்களா, பம்பைப் பார்த்து ஆடுகிறார்களா என்பதை வாசகர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன். எழுதும்போது நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். இவர்களுக்கு இது போதும் என்ற இளக்காரம் எனக்கு இருந்தது. முதலாளியைப் பார்த்து இளக்காரம், எட்வினைப் பார்த்து இளக்காரம், படிக்கப்போகிறவர்களைப் பார்த்தும் இளக்காரம்.

புத்தகம் வந்தது. திறந்ததும் முதல் பக்கத்தில் பம்ப் விளம்பரம், அதன் கீழே கட்டை எழுத்தில் என் பேர். அமிர்தம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பன்னிரண்டு பிரதி கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிச் சூலூருக்குப் போய்ச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். "மாப்ள பேரு பம்புக்குக் கீழ நல்லாத் தெரியுது" என்று என் மாமியார் சொன்னாராம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு விவசாயி, "அங்கேயும் இதே கதிதானா? படித்து மனம் ஆறுதல் அடைந்தோம்" என்று கார்டு போட்டிருந்தார். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அவர் லீவுங்க மேடம்

ஒப்பந்தப்படி ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். நாங்கள் ஒழுங்கானவர்கள், அனுப்பினோம். அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்திருந்தது. அந்த ஆபீசிலிருந்து சுலோசனா என்ற அம்மாள் நேரில் வருவதாகத் தந்தி வந்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீசிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது, படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று முதலாளி நம்பினார். நானும் நம்பினேன். வந்து உட்கார்ந்ததும், "எனக்குத் தமிழ் நல்லாத் தெரியும் சார். போத்தனூர் ரயில்வே காலனிலதான் வளர்ந்தேன்" என்றார் அந்த அம்மாள். முதலாளி முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பதற்றத்தில் என்னை, "நம்ம வாத்தியாருங்க, இங்க எல்லாம் கூடமாட ஒத்தாசையா இருப்பாருங்க" என்று மட்டும் சொல்லி அறிமுகப்படுத்தினார். பேர் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பன்னிரண்டாம் பக்கம், விரல், "இது எப்படி இங்க வந்துச்சு?"

முதலாளி ஒளிக்கவில்லை. "நாந்தானுங்க வெக்கச் சொன்னேன். தப்புத்தானுங்க" என்று எழுந்து நின்று சொன்னார்.

"உக்காருங்க சார். படத்துல கை வைக்கறது எல்லா ஊர்லயும் நடக்குது. ஒரு ஊர்ல இந்தப் பையன் கையில பிஸ்கட் பாக்கெட்டக் குடுத்துட்டாங்க. அழிச்சுட்டு மறுபடி போடுங்கன்னு சொல்லிட்டு நான் போயிட்டே இருப்பேன்." பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "எனக்கு வேற ஒண்ணு தெரியணும். பொ. சென்னியப்பன். இது யாரு?"

என் பேரை அச்சில் படித்து, முன்பின் தெரியாத ஒருவர் வாயால் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவரு இன்னிக்கு லீவுங்க மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கொங்கு நாட்டான் விருந்தாளி முன்னால் தன் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டான். "ஆமாங்க மேடம். அன்னூர்ல அவரு சொந்தத்துல ஒரு கல்யாணமுங்க" என்றார்.

அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, பத்துப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினார். எங்கள் பழைய புத்தகங்கள். மூலைகள் மடங்கி, அட்டைகள் தேய்ந்திருந்தன.

"இதை எல்லாம் யாரு எழுதுனது? பேரே போடலையே?"

முதலாளி காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. எங்கூடத்தான் பம்பாய்ல இருக்கார். அங்க அவர்கிட்டத் தமிழ் பேச நான் ஒருத்திதான். இதுல வர்ற வசனத்தப் படிச்சுக் காட்டுவேன். படமே பாக்காம சிரிப்பாரு சார். பையன் குகைக்குள்ள மாட்டிக்கிட்டப்ப, என் கையப் பிடிச்சுக்கிட்டு, சீக்கிரம் அடுத்த பக்கம் படிம்மான்னாரு. நான் இந்தக் கதைய நாலஞ்சு பாஷைல பாக்கறேன். தமிழ்ல மட்டும்தான் இவன் ஒரு பையன் மாதிரி பேசறான்."

பத்துப் புத்தகம், ஒரு குமிழுக்கு நாலு தடவை அடித்து எழுதியது, எல்லாம் அந்தக் கண் தெரியாத மனிதருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அழுதுவிடுவேனோ என்று பயந்து சுவரில் மாட்டியிருந்த கார்டைப் பார்த்தேன்.

"இதையும் படிச்சேன்" என்று பதினோராவதைத் தொட்டார். "பாதியில அப்பா, போதும்மா, வேற ஆளு எழுதறாப்பல இருக்குதுன்னுட்டாரு. பம்பு வரைஞ்சவருக்குக் கதை தெரிஞ்சிருக்காது. வரையச் சொன்னாங்க, வரைஞ்சாரு. இந்த சென்னியப்பனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். கரண்ட் இல்லைன்னு எழுதறப்ப என்ன செய்யறோம்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு. கெட்டிக்காரர்தான். அதுதான் எனக்குப் பிடிக்கல."

பிறகு பேனாவை எடுத்தார். அனுமதியைப் புதுப்பிப்பதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனைகள். பொ. சென்னியப்பன் இனி எட்வின் கதைகளில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

"கூப்பிட்டா வருவாரா?"

"வருவாருங்க மேடம்" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல்.

"அவர் பேரு என்ன? இனிமேலாவது போடுங்க சார். இவ்வளவு நல்லா எழுதறவர் பேரைப் போடாம விடறது அநியாயம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அது நான்தான் அம்மா, இதுவும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்தும் போய்விடும், பதினொன்று மட்டும் நிற்கும் என்று தோன்றியது. முகத்துக்கு நேரே பொய் சொன்னவன் என்ற பேரும் சேரும்.

முதலாளிதான் பதில் சொன்னார். "பேருப் போட ஒத்துக்க மாட்டாருங்க மேடம். ரொம்பக் கூச்சப்படுவாருங்க."

"அப்படித்தான் இருப்பாங்க" என்று சுலோசனா அம்மாள் சிரித்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

பழைய ஆள்

கார் சந்து முனை திரும்பும் வரை இருவரும் வாசலில் கைகட்டி நின்றோம். எனக்கு முதலாளியைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னவென்று திட்டுவது? பம்ப் வைத்தவர் எழுந்து நின்று ஒத்துக்கொண்டுவிட்டார். பேர் போட்டுக்கொண்டவன்தான் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

உள்ளே போகும்போது முதலாளி என் பக்கம் திரும்பினார். முகத்தில் கேலி இல்லை. அவருக்குக் கேலி செய்யவும் வராது.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தப் பழைய ஆள நாளைக்குக் காலைல வரச் சொல்லிப்போடுங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.

மறுநாள் டுடோரியல் முடிந்ததும் அவர் வந்துவிட்டார். அடுத்த கதையில் எட்வின் நடுக்கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தான், குமிழ் காலியாக இருந்தது. அதற்கு அவர் நாலு தடவை எழுதி அடித்து, ஐந்தாவது தடவை சரியாக எழுதினார். மெஷினை விற்கும் வரை, அப்புறம் வந்த எல்லாப் புத்தகங்களையும் அவர்தான் எழுதினார். எதிலும் பேர் போடவில்லை.